தோற்ற பக்கத்து எழுத்தர்

1

இந்த ஜூலையில் அமெரிக்காவுக்கு இருநூற்றைம்பது வயது. அந்தப் பிறந்தநாளை நான் லண்டனில், தோற்றவர்களின் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் தள்ளியபடி கழித்தேன்.

நான் வேலை செய்வது ஓர் ஆவணக் காப்பகத்தில். எது என்று சொல்லப்போவதில்லை. இந்தக் குறிப்பில் வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போக உங்களுக்கு விளங்கும். மேல்மாடி வாசிப்பறையில் இருக்கும் ஆய்வாளர்கள் ஓர் எண்ணைக் கேட்பார்கள். கீழே நான் அந்த எண்ணுள்ள பெட்டியைத் தேடி எடுத்து மேலே கொண்டுபோவேன். பழைய காகிதம் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகக் களஞ்சியத்தில் எப்போதும் ஒரே குளிர். ஜன்னல் கிடையாது. மழையா வெயிலா என்பது ஐந்து மணிக்கு வெளியே வந்தால்தான் தெரியும். நான் குடியிருக்கும் லூயிஷாமில் இருந்து காலையில் ஒரு ரயில், மாலையில் அதே ரயில். பத்தொன்பது வருடங்களாக இப்படித்தான். ஊரில் இருக்கும் பள்ளித் தோழன் ஒருவன் போன் எடுக்கும்போதெல்லாம், "உனக்கென்னடா, லண்டன் வாழ்க்கை" என்பான். நான் மறுத்ததில்லை.

இந்த வருடம் முழுக்க அமெரிக்கப் பெட்டிகளுக்குத்தான் கேள்வி. அந்த நாட்டின் கதையில் வென்றவர்களை உலகத்துக்கே தெரியும். தோற்றவர்களின் காகிதம் லண்டனில் கிடக்கிறது. பதின்மூன்று குடியேற்றங்களும் ஆங்கிலேய அரசரை உதறியபோது, அரசரின் பக்கம் நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பலர் கனடாப் பக்கம் போனார்கள். சிலர் இங்கே வந்தார்கள். வந்தவர்கள் ஒரு விசாரணைக் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் இன்னார், இன்னதை விட்டுவிட்டு வந்தேன், அரசருக்கு விசுவாசமாக இருந்தேன், அதற்கு இன்ன இன்னார் சாட்சி.

காப்பகத்தில் ஒரு கண்காட்சிக்காக அப்படியொரு மனுவை எடுத்தார்கள். அதை மேலே கொண்டுபோகும் வேலை எனக்கு. லிஃப்ட் வரத் தாமதமானது. நின்ற நிலையிலேயே வாசிக்கத் தொடங்கினேன்.

எழுதியவர் பொஸ்டன் நகரத்துச் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். காகிதத்துக்கெல்லாம் லண்டன் முத்திரை வரி போட்ட காலத்தில் தெருவில் கொடும்பாவி தொங்கவிட்டதை அலுவலக ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தார். பிறகு தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். பிறகு ஒரு நாள் விடுதலைப் பக்கத்துக் கமிட்டிக்காரர்கள் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார்கள், ஆங்கிலச் சாமான் வாங்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லி. வந்தவர்கள் வேற்றாட்கள் இல்லை. ஒருவர் அவருக்குச் சப்பாத்துத் தைத்துக் கொடுப்பவர். இவர் கையெழுத்துப் போடவில்லை. அரசர்மேல் கொண்ட அன்பினால் என்று மனுவில் எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, யாரோடும் பகைக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்த ஒரு மனிதர். அவ்வளவுதான். 1776 மார்ச்சில் அரசரின் படை பொஸ்டனைக் கைவிட்டுக் கப்பலேறியது. படையின் பின்னால் இவரும் ஏறினார். மனைவியிடம் சில மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாராம்.

லிஃப்ட் வந்து, திறந்து, மறுபடி மூடிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

2

என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தாள். ஆனாலும் எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். 'அப்பா', 'அம்மா', 'பசிக்குது', 'ஏலாது' என்று நடுநடுவே நாலு தமிழ்ச் சொல் வரும். அவள் பேசியதை இங்கே பெரும்பாலும் நான்தான் தமிழாக்கி எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வரலாற்றுப் பாடம் அமெரிக்க விடுதலை. மே மாதத்தில் இருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் முத்திரை வரியும் தேயிலையும்தான். பிரதிநிதி இல்லாத பாராளுமன்றம் எப்படி வரி கேட்கலாம் என்று புட்டைக் குழைத்தபடி என்னைக் கேட்பாள். விடுதலைப் பிரகடனத்தில் அரசர்மேல் அடுக்கிய குற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுவாள். வென்ற பிறகு பதின்மூன்று மாநிலங்களும் தங்களுக்குள் இழுபறிப்பட்டு, ஓர் அரசியலமைப்பை எழுதி முடிக்க எத்தனை வருடம் போனது என்பாள். அவளுக்கு அதெல்லாம் தெளிவான கதை. ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் பிழை.

அவர்களுடைய ரீச்சர் ஒரு வேலை கொடுத்திருந்தார். உங்கள் குடும்பத்தில் விடுதலைக்காக ஏதாவது செய்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் வேலைச் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். ஆரணி அறைக்குள் இருந்து ஒரு பழைய பைலோடு வந்தாள். அலுமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு அடியில் நான் வைத்திருந்த பைல். என் அகதி விண்ணப்பம்.

"அப்பா, இதை ஏன் எனக்குச் சொல்லவேயில்லை?" அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்கள் இயக்கத்துக்குக் கடிதம் கொண்டுபோய்க் குடுத்தனீங்களா? ஆமி உங்களைப் பிடிச்சு அடிச்சதா? யூ ஆர் எ ஹீரோ, அப்பா."

என் மனைவி மாலினி குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. என்னைப் பார்த்தாள். நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

"அதெல்லாம் பழைய கதை, பிள்ளை," என்றேன். "எழுதாதை."

"ஏன் எழுதக்கூடாது? நான் எழுதி முடிச்சிட்டன்."

முடித்தது மட்டுமில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் குகன் அண்ணைக்கும் அனுப்பிவிட்டாள். குகன் அண்ணைக்கு லூயிஷாமில் பலசரக்குக் கடை. அவருடைய தம்பி ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தில் இருந்து சண்டையில் செத்தவர். கடையில் கல்லாவுக்கு மேலே தம்பியின் படம் இருக்கிறது. அன்று பின்னேரமே போன் வந்தது.

"நேசன், நீர் இவ்வளவு காலமும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே," என்றார். "பிள்ளை எழுதினதை வாசிச்சிட்டு நான் அழுதிட்டன். ஆண்டு விழாவில அவள் இதை வாசிக்கோணும். நீர் முன்வரிசையில இருக்கோணும்."

"ஓம் அண்ணை," என்றேன்.

3

அந்தப் பைலில் இருப்பதில் என் பெயரும் பிறந்த திகதியும் உண்மை. மற்றது பொய்.

உண்மை இது. எனக்கு இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுத்தர் வேலை கிடைத்தது. தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைச் சொன்னால் நான் பாட்டுக்காரன் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரச செயலகம். கூப்பன் அட்டை, பென்சன் படிவம், காணிக் கடிதம் என்று மேசை நிறையக் காகிதம். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். தட்டச்சும் வரும். அது போதுமாயிருந்தது.

அந்தக் காலத்தில் சமாதானப் படை என்ற பேரில் வெளிநாட்டுப் படை ஒன்று எங்கள் ஊருக்கு வந்து முகாம் போட்டது. தமிழை ஆங்கிலமாக்கித் தர ஆள் வேண்டும் என்று கச்சேரிக்குச் சொல்லியனுப்பினார்கள். என்னை அனுப்பினார்கள். பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் தாய்மாரின் மனுக்களை நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதனால் வெளியே வந்தவர்களும் உண்டு. அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் சைக்கிளில் முகாமுக்குப் போனேன்.

ஒரு நாள் ஒரு பட்டியலைத் தந்தார்கள். எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் பெயரும் விலாசமும். இயக்கத்துக்காரர் அதில்தான் வந்து போவார்கள். தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யச் சொன்னார்கள். செய்தேன். ஒரு பக்கமும் கொஞ்சமும். அதில் இரவி என்ற பெயரும் இருந்தது. தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துபவன். எங்கள் வீட்டு மெசினையும் அவன்தான் திருத்துவான். அந்தப் பெயரை அடிக்கும்போது என் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த பெயருக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து, பட்டியலில் இருந்த சிலரோடு இரவியையும் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். அவன் வரவில்லை.

பிறகு அந்தப் படையும் கப்பலேறிப் போனது. போனவர்கள் போக, அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் கரையில் நின்றோம். பையள், அதாவது இயக்கத்துக்காரர், ஊருக்குள் வந்தார்கள். முகாமில் வேலை செய்த இருவரைச் சுட்டு மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஒரே சொல், துரோகி. மூன்றாவது ஆளாக நான் இருக்கவில்லை. அன்று விடியமுன் கொழும்புக்கு வெளிக்கிட்டேன்.

லண்டனில் என் விண்ணப்பத்தை எழுதும்போது மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார். நான் உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

"தம்பி, பையளுக்குப் பயந்து வந்தனான் எண்டு சொன்னா, கொழும்பில போய் இரும் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அரசாங்க ஆமி பிடிச்சது எண்டு சொல்லும். பையளுக்கு உதவி செய்தனான் எண்டு சொல்லும். நூறு பேர் சொல்லுற கதைதான்."

சொன்னேன். எனக்கு அடித்தே இராத ஆமி எனக்கு அடித்தது. நான் கொண்டுபோகாத கடிதங்களைக் கொண்டுபோனேன். என்னைக் கொல்லத் தேடியவர்களுக்கு நான் தொண்டன் ஆனேன். அதிகாரி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

பல வருடம் கழித்துக் கவுன்சில் மண்டபத்தில் குடியுரிமை கிடைத்தது. மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். மாலினி படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. களைப்பாக்கும் என்று அவள் நினைத்தாள். கலியாணத்துக்கு முன்பே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மறைத்தது ஊருக்கும் மகளுக்கும்தான்.

4

ஆண்டு விழாவுக்கு இன்னும் இருபத்தொரு நாள், மூன்று கிழமை, இருந்தது. மாலினியும் நானும் அதைப் பற்றிக் குசுகுசுத்தோம், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

"பேசாமல் இருங்கோ," என்றாள் அவள். "பிள்ளை வாசிக்கட்டும். எல்லாரும் கைதட்டட்டும். அடுத்த கிழமை மறந்துபோவினம்."

"பொய்யெல்லே, மாலினி."

"பொய்யிலதானே முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறம். இப்ப உண்மையைச் சொல்லி ஆருக்கு என்ன? பொய் சொல்லி எடுத்தது எண்டு தெரிஞ்சா பாஸ்போட்டைப் பிடுங்கலாம். பிறகு எங்க போறது? ஊருக்கோ?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த நாட்டில் நான் பொய்யன். சொல்லாவிட்டால் என் சனத்துக்குள் பொய்யன். ஊருக்குப் போனால் இரவியின் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போகவேண்டும். ரயிலில் உட்கார்ந்து இதையே யோசிப்பேன். களஞ்சியத்துக்குள் இறங்கியதும் ஒரு நிம்மதி வரும். அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. அந்த நிம்மதிதான் என்னைப் பயப்படுத்தியது. எத்தனை வருடமாக ஜன்னலில்லாத அறை ஒன்று எனக்குப் பிடித்திருந்திருக்கிறது?

ஒரு சனிக்கிழமை ஆரணி கண்காட்சியைப் பார்க்க வந்தாள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். சேர்ந்து சுற்றினோம். பிரகடனத்தின் பழைய அச்சுப் பிரதி ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தச் சுங்க எழுத்தரின் மனு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு வந்தாள். விளக்க அட்டையை வாசித்தாள்.

"இவை எல்லாம் இங்கிலீஸ்காரருக்கு வால் பிடிச்ச ஆக்கள்," என்றாள். "தங்கட சனத்தை விட்டிட்டு ஓடிவந்து, இங்க வந்து கெஞ்சிக்கொண்டு நிண்டிருக்கினம். அவமானம்."

"வா, வெளியில இருப்பம்," என்றேன்.

வாசலுக்கு வெளியே ஒரு மரவாங்கு, இரண்டு பேர் இருக்கத்தக்க பெஞ்சு. நல்ல வெயில். அவள் சான்விச்சைப் பிரித்தாள். நான் என் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"ஆரணி, அந்தப் பைலில இருக்கிறது பொய்."

அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"என்னை ஆமி பிடிக்கேல்லை. நான் இயக்கத்துக்கு ஒண்டும் செய்யேல்லை. அவைதான் என்னைத் தேடினவை. ஊரில என்னைத் துரோகி எண்டவை."

"துறவியா?" நெற்றியைச் சுருக்கினாள். "சாமியார் மாதிரியா? நீங்களா?"

தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் துறவி வந்திருக்கிறார். துரோகி வரவில்லை. எந்தச் சொல்லுக்குப் பயந்து நான் கடல் கடந்து ஓடி வந்தேனோ, எந்தச் சொல்லைக் கேட்டுவிடுவோமோ என்று கோயிலிலும் கலியாண வீட்டிலும் பின்வரிசையில் இருந்தேனோ, அது என் பிள்ளையின் காதில் விழுந்தபோது காவி கட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதுவிட்டேன். அவள் சான்விச்சை வாங்கில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், தாய்மாரின் மனு, பட்டியல், மின்கம்பம், மொழிபெயர்ப்பாளர். இரவியின் பெயர் வந்ததும் கையை விட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா, அந்த லிஸ்டை வைச்சு என்ன செய்வினம் எண்டு?"

"சரியாத் தெரியாது. நல்லதுக்கில்லை எண்டு தெரியும்."

"அந்தப் பேரை விட்டிருக்கலாம்தானே? ஒரு பேர்."

"விட்டிருக்கலாம்."

"ஏன் விடேல்லை?"

இந்தக் கேள்விக்கு இத்தனை வருடங்களில் நான் பல பதில்களைச் செய்து வைத்திருந்தேன். மூலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என்னைச் சந்தேகப்படுவார்கள். வீட்டில் வயதான அப்பா அம்மா. அந்த வாங்கில் இருந்தபோது அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன்.

"பயம், பிள்ளை. வேறொண்டுமில்லை."

அவள் எழுந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப நானும் பொய் சொல்லோணும்," என்றாள். "எல்லாருக்கும். உங்களை மாதிரியே."

என் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. நான் உள்ளே போகவேண்டும். திரும்பிப் பார்த்தபோது அவள் ரயில் நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். சான்விச் வாங்கிலேயே கிடந்தது.

5

அதன்பிறகு பத்து நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அமெரிக்கா நின்றுபோனது. மாலினி பரிமாறுவாள், நாங்கள் சாப்பிடுவோம். "சொல்லாதேயுங்கோ எண்டனான்," என்று மாலினியும் சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஆரணி என் அறை வாசலுக்கு வந்தாள்.

"உங்கட கதையை வாசிக்கமாட்டன். அந்த பொஸ்டன் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறன். குகன் மாமாவிட்டச் சொல்லியாச்சு."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

விழா பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில். சின்னப் பிள்ளைகளின் நடனம், திருக்குறள் மனப்பாடம், வடையும் தேத்தண்ணியும். குகன் அண்ணைக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் என்னை முன்வரிசையிலேயே இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்தார். ஆரணி மேடைக்கு வந்து ஆங்கிலத்தில் வாசித்தாள்.

முத்திரை வரி, கொடும்பாவி, கமிட்டிக்காரரின் தாள் எல்லாம் மனுவில் இருந்தபடியே வந்தன. பிறகு மனுவில் இல்லாத ஒன்று வந்தது. படை முகாமில் அந்த எழுத்தரிடம் ஒரு பட்டியலைத் தருகிறார்கள். ஊரில் குதிரை வைத்திருப்பவர்களின் பெயர்கள். சுத்தமாகப் பிரதி எடுக்கச் சொல்கிறார்கள். அதில் அவருக்குத் தெரிந்த ஒருவனின் பெயர் இருக்கிறது, கிணற்றுக் கப்பி திருத்துபவன். எழுத்தரின் பேனை ஒரு கணம் நிற்கிறது. பிறகு அடுத்த பெயருக்குப் போகிறது.

மோட்டார் சைக்கிள்கள் குதிரைகளாகியிருந்தன, மெசின் கப்பியாகியிருந்தது. வேறொன்றையும் அவள் மாற்றவில்லை. எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள். இருந்தால் கேட்கவேண்டும். கேட்டேன். அவள் கடைசியாக வாசித்தது இது. இந்த மனிதரை நல்லவர் என்று சொல்ல எனக்கு ஏலாது. கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போகவும் ஏலாது. வென்ற நாடு இவரைத் தன் கதையில் சேர்க்கவில்லை. தஞ்சம் கொடுத்த நாடு இவரைப் பெட்டியில் போட்டது.

கைதட்டினார்கள், பெரிதாக இல்லை. குழந்தைகள் வடைக்கு வரிசையில் நின்றன.

கூட்டம் கலைந்த பிறகு குகன் அண்ணையும் நானும் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை நல்லா எழுதினவள்," என்றார். "அந்தப் பட்டியல் விசயம் அந்தப் பெட்டியில இருந்ததோ? இல்லாட்டி அவளாக் கட்டினதோ?"

நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஓம் என்று ஒரு சொல் போதும். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

"பெட்டியில இல்லை, அண்ணை. கட்டினதும் இல்லை."

மடித்த கதிரையை அவர் மறுபடி விரித்து அதில் இருந்தார். எனக்கு இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். வாங்கில் மகளிடம் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னேன். ஆனால் ஒன்றையும் மாற்றவில்லை. ஆரணி எழுதிய முதல் கதை, அவர் வாசித்து அழுத கதை, பொய் என்றும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் மறுபக்கத்தில் மாலினியும் ஆரணியும் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ர தம்பி இருந்திருந்தா," என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "வீட்டில ரெண்டு பேருக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப எங்களுக்கு மட்டும்தான் தெரியேல்லை."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேசன், கொஞ்ச நாளைக்குக் கடைக்கு வராதையும். எனக்கு உம்மட முகத்தைப் பார்க்க ஏலாது." எழுந்து கதிரையை மடித்தார். இரண்டடி போய்த் திரும்பினார். "அந்த இரவியின்ர ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒரு தங்கச்சி. கனடாவில எண்டு கேள்வி."

"எனக்கு அங்க ஆக்கள் இருக்கினம். விசாரிக்கட்டோ?"

அவருடைய கேள்வியில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாலினி தூரத்தில் இருந்து எங்களைப் பார்த்துத் தலையை இல்லை இல்லை என்று அசைத்தாள். அவளுக்கு என்ன கேட்டதோ தெரியாது. என் முகத்திலேயே வாசித்திருப்பாள்.

"விசாரியுங்கோ அண்ணை," என்றேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு குகன் அண்ணையிடம் இருந்து என் போனுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் வந்தது. அதோடு ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. ஒரு கிழமை நான் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ரயிலில் பார்ப்பேன். களஞ்சியத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை, அது வசதியாக இருந்தது. மாலினி, "நினைச்சுச் செய்யுங்கோ," என்றாள். அவளுக்கு என்மேல் கோபமும் உண்டு, பயமும் உண்டு. இரண்டும் நியாயம்தான்.

ஞாயிறு பின்னேரம். கனடாவில் காலை. ஆரணி தானாகவே வந்து என் பக்கத்தில் சோபாவில் இருந்தாள். நான் இலக்கத்தை அழுத்தினேன். நாலைந்து தரம் மணி அடித்தது. எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். எடுக்கவேண்டாம் என்றும் நினைத்தேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்னளவு வயதிருக்கும் ஒரு பெண்ணின் குரல். பின்னால் ரீவி சத்தம், குழந்தைகளின் சத்தம்.

என் பெயரைச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அந்தக் காலத்தில் முகாமில் எழுத்து வேலை செய்தவன் என்றேன். உங்களுடைய அண்ணையைப் பற்றிச் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது என்றேன்.

மறுபக்கத்தில் ரீவி சத்தம் நின்றது. வைத்துவிட்டார் என்று நினைத்துப் போனைக் காதில் இருந்து எடுக்கப் போனேன். அப்போது குரல் வந்தது.

"வைச்சிடாதேயுங்கோ. கதவைச் சாத்திப்போட்டு வாறன்."